மூங்கில் கணுவில் பிறந்த குவளை

சீனர்கள் தூரிகையால் எழுதத் தொடங்கி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதை நிறுத்திவைக்கும் குவளைக்கோ அவ்வளவு வயதில்லை. நெடுங்காலம் மலைச்சிகரம் போன்ற சிறு தாங்கியில் தூரிகையைச் சாய்த்தே வைத்தார்கள். குவளை பரவலானது மிங் ஆட்சியின் பிற்பகுதியில், 16, 17-ஆம் நூற்றாண்டுகளில்தான்.

முதல் உதவி மூங்கிலிடமிருந்து வந்தது. கணுவுக்குச் சற்றுக் கீழே அறுத்தால் அடித்தட்டும் சுவரும் சேர்ந்தே கிடைத்துவிடும். இன்று ஷாங்காய் நகரத்தோடு இணைந்துவிட்ட ஜியாடிங்கில், ஜூ குடும்பத்தில் தந்தை, மகன், பேரன் என மூன்று தலைமுறை அந்தச் சுவரில் பாறைகளையும் பைன் மரங்களையும் செதுக்கிப் பெயர் வாங்கியது.

பீங்கான் குவளைக்கு வழிவிட்டது ஒரு பேரரசரின் மரணம். 1620-இல் வான்லி இறந்ததும், பீங்கான் நகரமான ஜிங்டெஜென்னின் சூளைகளுக்கு அரண்மனையிலிருந்து வந்த பெரிய ஆர்டர்கள் நின்றுபோயின. குயவர்கள் வேறு ஆள் தேடினார்கள். கிடைத்தவர்கள் படித்தவர்கள்; கூடவே, படித்தவர்களாகத் தெரிய ஆசைப்பட்ட பணக்கார வணிகர்கள். அதிகம் வாங்கியது இந்த இரண்டாம் வகையினர்தான் என்பது என் சந்தேகம். மரக்கட்டையில் அச்சான நாடக, நாவல் படங்களைப் பார்த்து, குவளையைச் சுற்றிச் சுற்றி நீலத்தில் கதை எழுதினார்கள் ஓவியர்கள்.

அதே ஆண்டுகளில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் வந்து நின்றது. இறகுப் பேனாவால் எழுதியவர்களுக்குத் தூரிகைக் குவளை எதற்கு? 1635-இல் தைவானிலிருந்து மர மாதிரிகளைக் கொடுத்தனுப்பி, கடுகுக் குப்பி போன்ற ஐரோப்பிய உருவங்களைச் செய்யச் சொன்னார்கள். அதே ஊரில், அதே நீலத்தில் கவிஞருக்குத் தூரிகைக் குவளையும் குடிமகனுக்குப் பீர்க் குவளையும் வெந்தன.

1670-களின் கலகத்தில் ஜிங்டெஜென் எரிந்தது. அதைத் தூக்கி நிறுத்திய காங்ஷி பேரரசர் காலத்தில் (1662–1722) ஒரு முழுக் கட்டுரையையே பொடி எழுத்தில் எழுதிய குவளைகள் வந்தன. ஆனால் 1677-இல் உள்ளூர் அதிகாரி ஒருவர், பாண்டங்களில் பேரரசரின் ஆட்சிப்பெயரை எழுதக் கூடாது என்று தடை போட்டார். உடைந்த சில்லோடு அந்தப் பெயரும் குப்பைக்குப் போய்விடக் கூடாதே! குயவர்கள் அசரவில்லை. இருநூறு ஆண்டு முந்தைய பேரரசர் செங்ஹுவாவின் பெயரை எழுதிவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தவர்கள் தம் பங்குக்குக் காங்ஷியின் பெயரை எழுதினார்கள். முன்னோருக்கு மரியாதை பாதி, வியாபாரம் பாதி.

நகலெடுக்கும் ஆசை பொருளையும் விடவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பேரரசர் சியான்லோங் காலக் குயவர்கள் மரத்தின் ரேகை தெரியும் பீங்கான் குவளை செய்தார்கள். அடுத்த நூற்றாண்டில் சென் குவோஜி, வாங் பிங்ரோங் போன்றவர்கள் பீங்கானையே மூங்கிலும் தந்தமும் போலச் செதுக்கினார்கள். மூங்கிலைப் பார்த்துப் பிறந்த பீங்கான் குவளை மறுபடி மூங்கிலாக வேடம் போட்டது!

கொரியாவில் தூரிகைக் குவளைக்குக் கிடைத்தது வேறு பெருமை. 1791-இல் மன்னர் ஜோங்ஜோ தன் அரியணைக்குப் பின்னால் புத்தக அலமாரி வரைந்த திரையை வைத்தார். பிறகு அத்தகைய ஓவியங்கள் வீடுகளிலும் பரவின. அவற்றில் அடிக்கடி தென்படும் தூரிகைக் குவளையில் தூரிகைகளோடு மயிலிறகும் பவளக்கிளையும் நிற்கும்.

மேற்கே 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிச் சீனப் பீங்கானைப் பெரும்பாலோர் நெடுநாள் கண்டுகொள்ளவில்லை. பிரிட்டிஷ் ராஜதந்திரி மைக்கேல் பட்லர் போன்ற சேகரிப்பாளர்கள், ஆண்டு பொறித்த துண்டுகளைத் தேடி வாங்கி அதன் காலவரிசையைக் கட்டினார்கள். அதனால் இன்று விற்பனைக்கு வரும் குவளையில் எழுதியிருக்கும் பெயரை நம்ப வேண்டியதில்லை, கவிழ்த்துப் பார்க்கலாம். பேரரசர் சோங்சென் காலத்ததென்றால் (1628–44) அடி பெரும்பாலும் மெருகின்றித் தட்டையாக இருக்கும். விளிம்பருகே, வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் தெரியும் கீறல் கோலம் ஓடும். காங்ஷி குவளையின் அடியில் பெரும்பாலும் மெருகில்லாத அகன்ற வளையமும், நடுவே மெருகிட்ட குழியும் இருக்கும். இதெல்லாம் அச்சில் வந்து பல ஆண்டுகளாகின்றன; போலி செய்கிறவர்களும் படித்துத்தான் இருப்பார்கள்.