ஒளிப்பதிவு வடிவங்களும் படத்தொகுப்பும்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஓலைச்சுவடியைப் படிப்பதற்கு எழுத்தறிவும் கண்ணொளியும் போதும். ஒளிப்பதிவோ அத்தகையதன்று. அதனைக் காண்பதற்குக் கருவி வேண்டும். அக்கருவி பதிவின் இலக்கணத்தை அறிந்திருத்தல் வேண்டும். அவ்விலக்கணமே வடிவம் எனப்படுகிறது. கணினியில் படத்தொகுப்புச் செய்வோர், மென்பொருள் காட்சியை ஏற்க மறுப்பதையும், படம் திக்கித் திக்கி ஓடுவதையும், குரல் உதட்டசைவோடு ஒட்டாமற் போவதையும் கண்டு சலிப்பதுண்டு. இத்தொல்லைகளுள் பல, ஒளிப்பதிவின் வரலாற்றிலேயே வேரூன்றியவை.

திரைப்படச் சுருளில் ஒவ்வொரு படமும் கண்ணுக்குத் தெரியும். வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டலாம். 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் இரண்டு அங்குல அகலமுள்ள ஒளிநாடாவை அறிமுகப்படுத்தியபோது இந்நிலை மாறிற்று. நாடாவில் படம் காந்தத் தடமாக மறைந்து நின்றது. நுண்ணிய இரும்புத்துகள் கலந்த நீர்மத்தைத் தடவித் தடத்தைப் புலப்படுத்தி, உருப்பெருக்கியின் துணையோடு கத்தியால் வெட்டினர். கண்ணுக்குப் புலனாகாத பொருளை வெட்டும் துன்பம் அன்றே தொடங்கிவிட்டது.

அடுத்த சிக்கல் நாட்டுக்கு நாடு வேறுபட்ட தொலைக்காட்சி முறைகளால் விளைந்தது. அமெரிக்க முறையில் 525 வரிகள், நொடிக்கு 30 படங்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் பின்பற்றிய பால் முறையில் 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். 1953இல் அமெரிக்கர் வண்ணத்தைச் சேர்த்தபொழுது, வண்ண அலையும் ஒலி அலையும் ஒன்றையொன்று குலைக்காதிருக்கும் பொருட்டு 30 என்பதை ஏறத்தாழ 29.97 ஆகக் குறைத்தனர். மிகச் சிறிய குறைப்புத்தான். எனினும் ஒரு மணி நேரத்தில் அது 108 படங்கள், அதாவது 3.6 நொடிகள் ஆகிவிடும். இரு முறைகளிலும் பதிவான காட்சிகளை ஒரே தொகுப்பில் இணைத்தால் அசைவு தடுமாறுவது இதனாலேயே.

மூன்றாவது சிக்கல் சுருக்கத்தால் வந்தது. 1988இல் அமைந்த எம்பெக் வல்லுநர் குழு வகுத்த முறையில், சில படங்களே முழுமையாகப் பதிவாகும்; இடைப்பட்டவற்றில் மாற்றங்கள் மட்டுமே குறிக்கப்படும். பதிவேட்டில் ஒருமுறை முழு விவரத்தை எழுதி, அடுத்த வரிகளில் 'மேற்படி' என்று குறிப்பதை இதற்கு ஒப்பிடலாம். இடையிலுள்ள ஒரு வரியைத் தனியே பிரித்தெடுத்தால் பொருள் விளங்குமா? 2003இல் உருவான எச்.264 முறையும், அதன்வழி 2006இல் வந்த ஏவிசிஎச்டி ஒளிப்பதிவுக் கருவிகளும் இச்சுருக்கத்தை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தன. சேமிப்பதற்கும் அனுப்புவதற்கும் ஏற்ற அவ்வடிவம் வெட்டுவதற்கு ஏற்றதாக இல்லை. ஒரு படத்தைக் காட்டவே கணினி அதன் அண்டைப் படங்கள் பலவற்றைக் கணித்தறிய வேண்டியதாயிற்று.

இதற்குத் தீர்வாக இடைநிலை வடிவங்கள் தோன்றின. 2004இல் ஆவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்எச்டியும், 2007இல் ஆப்பிள் நிறுவனத்தின் புரோரெஸும் வெளிவந்தன. இவற்றில் ஒவ்வொரு படமும் தன்னளவில் முழுமையானது. கோப்பு பெருக்கும்; வேலை எளிதாகும்.

இன்று கைப்பேசிகள் பல, ஒளியின் அளவுக்கும் கருவியின் சுமைக்கும் ஏற்ப நொடிக்குரிய பட எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் பதிவு செய்கின்றன. அதனைச் சீரான எண்ணிக்கைக்கு மாற்றாமல் தொகுத்தால், தொடக்கத்தில் ஒட்டியிருந்த குரல் போகப் போக விலகிவிடுதல் கூடும்.

இவ்வரலாறு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உணர்த்துவது யாது? காக்கும் வடிவம் வேறு, தொகுக்கும் வடிவம் வேறு, காட்டும் வடிவம் வேறு என்பதே. எனவே மூலப்பதிவை மாற்றாது பேணுக. தொகுக்குமுன் படியெடுத்து இடைநிலை வடிவத்திற்கு மாற்றுக. பணி முடிந்தபின் மீண்டும் சுருக்குக. விஎச்எஸ் பதிவுக் கருவிகளை இறுதிவரை உருவாக்கி வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் அப்பணியை நிறுத்திவிட்டது. நம் பள்ளிகளின் அலமாரிகளில் அத்தகைய நாடாக்கள் இருப்பின், அவற்றில் உறங்கும் நாடகங்களும் சொற்பொழிவுகளும் படிக்கும் கருவியின்றி ஊமையாகிவிடும். கருவி கிடைக்கும்போதே அவற்றைக் கணினிக்கு மாற்றிவைத்தல் நம் கடமையாகும்.