பக்கத்து ஊர் போனவரும் அக்கரை போனவரும்

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில் இருக்கும் அனுப்பம்பட்டு நிலையத்தில் காலை மின்சார ரயில் நிற்கும்போது சாப்பாட்டுப் பையோடு ஏறுகிறவர்கள் யாரும் அரசுக் கணக்கில் இடம்பெயர்ந்தவர்கள் இல்லை. எண்ணூரிலோ சென்னையிலோ வேலை பார்த்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு இந்த வசதி கிடையாது. அங்கிருந்து பொன்னேரிக்குப் பஸ் பிடித்து வந்துதான் ரயிலைப் பார்க்க முடியும். ஷிப்டு வேலைக்கு அது ஒத்துவராது. அதனால் அங்கே வேலை மாறினால் குடியும் மாறிவிடுகிறது.

இந்தக் குப்பங்களைக் குமரி மாவட்டத்துக் கடலோர ஊர்களோடு வைத்துப் பார்க்கலாம். இரண்டும் மீன்பிடித்துப் பிழைக்கும் கரைகள். பழவேற்காட்டுக்காரர் போவது பெரும்பாலும் காசிமேடு, எண்ணூர், மீஞ்சூர். முட்டத்துக்காரரும் வள்ளவிளைக்காரரும் பஹ்ரைன், கத்தார், சவூதி, ஈரான் வரை போய்ப் படகேறுகிறார்கள்.

பழவேற்காட்டில் ஆள் ஏன் வெளியேறுகிறார் என்பதற்கு விடை ஏரிக்குள்ளேயே இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் பட்டினவர்களிடம் ‘பாடு’ என்ற முறை உண்டு. இறால் பிடிக்கச் சுத்து வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். பங்கு தலைக்கட்டுக்குத்தான். மகனுக்குக் கல்யாணமானால் அவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு கூடக்கூட ஒருவருக்கு முறை வரும் நாள் தள்ளிப்போகும். ஏரியோ பெரிதாவதில்லை, முகத்துவாரம் மணலடித்துத் தூர்ந்துபோகும் காலங்களில் இறால் வரத்தும் குறைகிறது. பாட்டில் பங்கே இல்லாத இருளர் போன்றவர்களின் பாடு இன்னும் மோசம். இது போதாதென்று 1970-ஐ ஒட்டி ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ராக்கெட் ஏவுதளத்துக்காகக் காலி செய்யப்பட்டது. அங்கிருந்து கிளம்பிய குடும்பங்களில் சில ஏரியின் தென்கரைக்கு வந்து சேர்ந்தன. இருக்கிற தண்ணீருக்குப் பங்காளிகள் பெருகினார்கள். உள்நாட்டு இடப்பெயர்வு என்றால் கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போவது என்று பாடப்புத்தகம் படம் போடும். இங்கே குப்பத்திலிருந்து குப்பத்துக்கு வந்ததுதான் பிறகு நகரத்துக்குத் தள்ளியது.

அதே சமயம் ஏரிக்குத் தெற்கே வேறு ஆட்கள் வந்து இறங்கினார்கள். 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், பிறகு காட்டுப்பள்ளி, மேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். இவற்றை நம்பிப் பீகார், ஒடிசா, வங்கத்து இளைஞர்கள் வந்தார்கள். மீஞ்சூர், அத்திப்பட்டுப் பக்கம் மாடிக்கு மேல் தகரக் கொட்டகை போட்டு அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வாசலில் கிடக்கும் செருப்பெல்லாம் ஆண்கள் செருப்பு. 2001-க்கும் 2011-க்கும் இடையில் திருவள்ளூர் மாவட்ட மக்கள்தொகை 35 சதவீதம் ஏறியது. மாநிலம் முழுவதற்கும் 15.6 தான். அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு ஆவடி, அம்பத்தூர் போன்ற சென்னை விளிம்பில் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாவட்டக் கணக்கைப் பார்த்துவிட்டுக் குப்பங்களும் பெருத்துவிட்டதாக நினைத்தால் தப்பு.

குமரியில் அதே பத்தாண்டில் வளர்ச்சி சுமார் 11.6 சதவீதம். ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள், திருவள்ளூரில் 987. எல்லாவற்றையும் வளைகுடாவின் தலையில் கட்ட முடியாது. குமரியில் பிள்ளைப்பேறு குறைந்து வெகுகாலமாகிறது. ஆனாலும் வேலை வயது ஆண்கள் வெளிநாட்டில் இருப்பதும் இந்த விகிதத்தில் ஒரு பங்கு. 2015-இல் நடந்த தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் என்றது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

தூரத்தை வைத்துப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. அக்கரை போனவர் ஊரை விடுவதில்லை. பக்கத்தில் போனவர்தான் விடுகிறார். வளைகுடாவில் குடியுரிமை கிடையாது, விசா முதலாளியின் கையில், மீன்பிடிப் படகில் போகிறவர் குடும்பத்தைக் கூட்டிப்போக வழியே இல்லை. ஆகவே மனைவி ஊரில், பிள்ளை பிறப்பது ஊரில், வீடு கட்டுவது ஊரில். 2020-இல் கொரோனாவால் ஈரானில் மாட்டிக்கொண்ட மீனவர்களில் 687 பேரை ஜலாஷ்வா கடற்படைக் கப்பல் தூத்துக்குடிக்கு ஏற்றி வந்தபோது, அவர்கள் எந்த வீட்டுக்குப் போவார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. காசிமேட்டுக்குப் போன பழவேற்காட்டு இளைஞர் இரண்டாம் வருஷமே மனைவியை அழைத்துக்கொள்கிறார். பிள்ளையின் பிறப்புச் சான்று, பள்ளி, ரேஷன் கார்டு எல்லாம் சென்னையில். குப்பத்தில் ஒருவர் மட்டும் குறையவில்லை. அவருக்குப் பிறக்கப்போகிறவர்களும் சேர்ந்து குறைகிறார்கள்.

இதற்குக் குமரியிலேயே ஒரு விலக்கு உண்டு. தூத்தூர்க்காரர்கள் கொச்சியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஆழ்கடல் போகிறார்கள். போவது உள்நாட்டுக்குள்தான், ஆனால் குடும்பம் நகர்வதில்லை. மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் ஆளுக்குக் கொச்சியில் வாடகை வீடு எதற்கு? நாட்டு எல்லையைத் தாண்டினாரா என்று கேட்பதைவிட, அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனாரா என்று கேட்பதே மக்கள்தொகைக்குப் பொருத்தம்.

திரும்பாத வெளிநாட்டுப் பயணத்தையும் பழவேற்காடு பார்த்திருக்கிறது. 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள், 17-ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக வாங்கிப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். அவர்களுக்கு விடுமுறையும் இல்லை, மணியார்டரும் இல்லை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் குறித்திருக்கிறார்கள். மீஞ்சூர்த் தகரக் கொட்டகையில் இருக்கும் பீகார்க்காரர் அன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு தலை. காசிமேட்டுக்குப் போன மீனவர் சென்னையில் ஒரு தலை. பஹ்ரைன் படகில் இருக்கும் முட்டத்துக்காரர், ஊரில் அவர் பணத்தில் வீடே எழும்பிக்கொண்டிருந்தாலும், எந்த மாவட்டத்துக் கணக்கிலும் வரமாட்டார்.