இயந்திரம் எழுதும் நாட்குறிப்பு

1950களின் பந்தயக் கார்கள் சிலவற்றின் சுழற்சிமானியில் இரண்டு முட்கள் இருந்தன. ஒன்று இயந்திரத்தோடு ஏறி இறங்கும். மற்றையது தொட்ட உச்சத்திலேயே நின்றுவிடும். ஓட்டுநர் எல்லை மீறினாரா என்பதைப் பந்தய அணியினர் அந்த இரண்டாவது முள்ளைப் பார்த்தே அறிந்துகொண்டனர்.

1960களின் போர்ஷே 911இல், சுழற்சி வரம்பைத் தாண்டினால் தீப்பொறியைத் துண்டிக்கும் ஏற்பாடு இருந்தது. ஆயினும் அது அக்சிலேட்டர் மிதிப்பால் நேரும் மீறலை மட்டுமே தடுத்தது. மூன்றாம் கியரிலிருந்து நான்காவதற்குச் செல்லவேண்டிய கை தவறி இரண்டாவதில் விழுந்தால், சக்கரங்களே இயந்திரத்தை வெறிகொண்டு சுழற்றும். வால்வுகள் பிஸ்டனில் மோதி இயந்திரமே சிதையக்கூடும்.

1997இல் வெளிவந்த 996 வகையில், இத்தகைய மீறல்களைக் கணினி குறித்துவைத்தது. பழைய போர்ஷேயை வாங்குவோர் இன்று அந்தப் பதிவைக் கேட்கின்றனர். அதில் 400 என்று கண்டதும் சிலர் அஞ்சி விலகுகின்றனர். ஆனால் அங்கே எண்ணப்படுவது எரியூட்டல்களே. ஆறு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்திற்கு 8,000 தடவை சுழல்கையில், ஒரே விநாடியில் 400 எரியூட்டல்கள் நிகழ்ந்துவிடும்.

மீறல் நிகழ்ந்த இயந்திர மணிநேரமும் பதிவில் உண்டு. அதன் பின்னர் பல நூறு மணிநேரம் பழுதின்றி ஓடிய வண்டியை நான் ஐயுறமாட்டேன். நேற்றைய மீறலைச் சுமந்து, அவசரமாக விற்பனைக்கு வரும் வண்டியே என்னைத் தயங்கவைக்கும். செய்தியைப் போலவே இங்கும் எண்ணோடு நேரத்தையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.