திருமணப் படமும் ஒரு சமுதாயத்தின் வரலாறும்

வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை மன்னரும் செல்வரும் தம் பெயர் நிலைக்க விட்டுச் சென்றவை. கல்லில் பெயர் பொறிக்கும் வாய்ப்பே பெறாத மக்களுக்கு வரலாறு இல்லையா? உண்டு. அவர்தம் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் திருமணப் படமும் வரலாற்றுச் சான்றேயாகும். இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் உழைப்பால் மெய்ப்பித்தவர் அமெரிக்கக் கறுப்பின நிழற்படக் கலைஞர் ஜேம்ஸ் வான் டெர் ஜீ. நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில் அவர் வரலாற்றை இளைஞர்கள் முன் வைக்க விழைகிறோம்.

அவர் 1886ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்து லெனாக்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து அப்போது இருபத்தோர் ஆண்டுகளே ஆகியிருந்தன. அவருடைய பெற்றோர், குடியரசுத் தலைவராயிருந்த யுலிசிஸ் கிராண்ட்டின் இல்லத்தில் பணிபுரிந்தவர்கள். வாசனைப் பொடிப் பொட்டலங்களை விற்றுத் தருவோர்க்குப் புகைப்படக் கருவி பரிசு என்னும் விளம்பரத்தைக் கண்ட சிறுவர் ஜேம்ஸ், பொட்டலங்களை விற்று முடித்தார். கருவி வந்தது, ஆனால் அது இயங்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. வேறொரு கருவியை வாங்கி, படமெடுக்கவும் கழுவவும் தாமே கற்றுக்கொண்டு, குடும்பத்தாரையும் ஊராரையும் படமெடுத்துப் பழகினார்.

பின்னர்ப் பிழைப்புத் தேடி நியூயார்க் நகரம் சென்றார். உணவு விடுதியில் பரிமாறினார். மாடிக் கட்டடத்தில் லிப்ட் இயக்கினார். வயலினும் பியானோவும் வாசித்துப் பொருளீட்டினார். 1915ஆம் ஆண்டு நூவர்க் நகரத்துப் பெரிய கடையொன்றின் ஸ்டுடியோவில் இருட்டறை உதவியாளராகச் சேர்ந்தார். முதலாளி இல்லாத வேளைகளில் வந்தவர்களைத் தாமே படமெடுத்துத் தம் திறமையை உணர்ந்தார். 1917ஆம் ஆண்டளவில், பின்னர் தம் துணைவியான கேனெல்லாவின் துணையோடு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் சொந்த ஸ்டுடியோவைத் தொடங்கினார்.

ஹார்லெம் நமக்கு முற்றிலும் அயலான இடமன்று. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியாப் பல்கலைக்கழகம் அதனை ஒட்டியே அமைந்துள்ளது. 1946இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில், தீண்டப்படாதார் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தார் நிலைக்கும் உள்ள ஒப்புமையை அண்ணல் சுட்டியிருக்கிறார். தென் மாநிலங்களின் கொடுமையிலிருந்து 1910க்கும் 1970க்கும் இடையில் வெளியேறிய கறுப்பின மக்கள் ஏறத்தாழ 60 இலட்சம் பேர். அவர்களுள் பல்லாயிரவர் குடியேறிய இடம் ஹார்லெம். அவர்கள்தாம் வான் டெர் ஜீயின் வாடிக்கையாளர்கள்.

அந்நாளைய அமெரிக்க ஏடுகள் கறுப்பின மக்களைக் கேலிச் சித்திரமாகவும் வேலைக்காரராகவுமே பெரும்பாலும் காட்டின. வான் டெர் ஜீயின் ஸ்டுடியோவிலோ, சலவை செய்து பிழைப்பவரும் சுமை தூக்குபவரும் மணமகளாகவும் மணமகனாகவும் நிமிர்ந்து நின்றார்கள். ஓவியத் திரையும் நல்ல நாற்காலியும் பூங்கொத்தும் அவர்களுக்காகக் காத்திருந்தன. கை எங்கே இருக்கவேண்டும், முகம் எப்பக்கம் திரும்பவேண்டும் என்பதையெல்லாம் அவர் பொறுமையுடன் சீர்செய்வார். பின்னர் நெகட்டிவில் நுண்ணிய கருவிகொண்டு முகத்தின் வடுக்களை நீக்குவார், அணிகலனுக்கு ஒளியூட்டுவார். படம் ஆளைவிட அழகாக இருக்கவேண்டும் என்பதே அவர் கொள்கை.

1926ஆம் ஆண்டு எடுத்த திருமணப் படம் ஒன்று புகழ்பெற்றது. திரையில் தீட்டிய கணப்படுப்பின் அருகே மணமக்கள் இருக்கிறார்கள். அவர்கள் காலடியில் ஒரு சிறுமியின் உருவம் மெல்லிய நிழலாகத் தெரிகிறது. அவள் இனிப் பிறக்கப் போகும் குழந்தை! வேறொரு நெகட்டிவை இணைத்து அச்சிட்டு அவர் செய்த வேலைப்பாடு அது. தாய்மடியிலிருந்து குழந்தையைப் பிரித்து விற்ற அடிமைக் காலத்தை மறவாத ஒரு சமுதாயத்துக்கு, உங்களுக்கும் குடும்பம் உண்டு, நாளை உண்டு என்று அப்படம் சொல்லிற்று.

வறுமையை மறைத்து வளமையையே காட்டினார் என்று அவரைக் குறை கூறுவோர் உளர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இங்கே நம் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பெற்றோரின் திருமணத்தின்போது, படமெடுக்க அழைக்கப்பட்ட நகரத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் சேரிக்குள் வர இசையவில்லை. மணமக்களை அழைத்துவந்தால் எடுத்துத் தருகிறேன் என்றாராம். நம் தாத்தா மானத்தோடு மறுத்துவிட்டார். ஆகவே மணக்கோலத்தில் நம் அன்னையின் முகம் எவ்வாறிருந்தது என்பதை நாம் அறியோம். தலைமை ஆசிரியராகி எத்தனையோ குழுப்படங்களில் நடு நாற்காலியில் அமர்ந்துவிட்டோம். அந்த ஒரு படத்தின் இடம் மட்டும் வெறுமையாகவே இருக்கிறது. வறுமையைப் படமெடுக்கப் பிறர் பலர் வருவர். நம் மங்கல நாளை மதித்துப் படமெடுக்க நம்முள் ஒருவர் வேண்டும். வான் டெர் ஜீ ஹார்லெமுக்கு அந்த ஒருவராக இருந்தார்.

1924ஆம் ஆண்டு மார்க்கஸ் கார்வியின் இயக்கம் அவரைத் தன் அதிகாரபூர்வ நிழற்படக் கலைஞராக அமர்த்தியது. எனினும் இரண்டாம் உலகப் போருக்குப்பின் மலிவான கருவிகள் வீடுதோறும் நுழைய, தொழில் நலிந்தது. பழைய படங்களைச் செப்பனிட்டு அவர் வாழ்ந்தார். 1969ஆம் ஆண்டு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஹார்லெம் பற்றிய கண்காட்சி நடந்தது. கறுப்பின ஓவியர்களின் படைப்புகளுக்கு இடமில்லை என்று வாயிலில் கிளர்ச்சி எழுந்தது. உள்ளேயோ வான் டெர் ஜீயின் படங்களே அனைவரையும் கவர்ந்தன. உலகம் அவரை அறிந்தது. ஆனால் அதே ஆண்டில் முதிய தம்பதியர் தம் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டனர்! ஊர் புகழ்ந்த வேளையில் உறைவிடம் போயிற்று.

கேனெல்லா 1976இல் மறைந்தார். 1978இல் டானா மசெண்டனை மணந்த பெரியவர், அவருடைய ஊக்கத்தால் மீண்டும் கருவியைக் கையிலெடுத்து, குத்துச்சண்டை வீரர் முகமது அலி முதலானோரைப் படமெடுத்தார். 1983ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், ஹோவர்டு பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்த வேளையில், 96ஆம் வயதில் காலமானார். அவர் விட்டுச் சென்ற ஏறத்தாழ 20,000 அச்சுப் படங்களையும் 30,000 நெகட்டிவ்களையும், அன்று அவர் படங்களைக் காட்டிய அதே அருங்காட்சியகம் ஹார்லெம் ஸ்டுடியோ அருங்காட்சியகத்துடன் சேர்ந்து 2021இல் பெற்றுப் பாதுகாத்து வருகிறது.

இளைஞர்களே! இன்று உங்கள் கைப்பேசியில் ஆயிரம் படங்கள் உள்ளன. ஆயினும் உங்கள் வீட்டுப் பழைய படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டால் பாட்டியைத் தவிர விடை கூறுவார் இல்லை. பாட்டி இருக்கும்போதே அருகமர்ந்து கேளுங்கள். படத்தின் பின்புறம் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுங்கள். கறையான் தின்பதற்குமுன் ஒரு படி எடுத்து நம் சங்கத்தில் சேருங்கள். கல்வெட்டு இல்லாத நமக்கு அவையே கல்வெட்டு. பொன்விழா மலரைத் தொகுப்போர் அவற்றைத் திறந்து பார்த்து, இவர்கள் நம் முன்னோர் என்று பெயர் சொல்லிப் பெருமிதம் கொள்வாராக!