என்பிடெல் அசைன்மென்ட்டில் 25-க்கு 25 எடுத்தும் சான்றிதழ் கிடைக்காதது ஏன்?

அசைன்மென்ட்டில் முழு மதிப்பெண். தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்தால் 50-ஐத் தாண்டுகிறது. ஆனா சான்றிதழ் மட்டும் வரலை. என்பிடெல் பாடம் படிக்கும் மாணவர்கள் சிலருக்கு ரிசல்ட் நாளில் கிடைக்கும் அதிர்ச்சி இது.

ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம்தான் என்பிடெல். முதலில் வீடியோ பாடங்கள் மட்டும்தான் இருந்தன, தேர்வும் சான்றிதழும் 2014-ல் வந்தன. இப்போது மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு முறை இந்தப் பாடங்கள் தொடங்குகின்றன.

மதிப்பெண் கணக்கு எப்படி?

பாடங்கள் 4, 8, 12 வாரம் என மூன்று வகை. வாரா வாரம் வீடியோவும் ஒரு அசைன்மென்ட்டும் வரும். 12 வாரப் பாடம் என்றால் அதிக மதிப்பெண் பெற்ற 8 அசைன்மென்ட்டை மட்டும் எடுத்து, சராசரியை 25-க்கு மாற்றுவார்கள். ஒன்றிரண்டு வாரம் தவறவிட்டாலும் பயப்பட வேண்டாம். மீதி 75 மதிப்பெண் தேர்வுக்கு. வீட்டில் இருந்து எழுத முடியாது, தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும்.

சிக்கலே இங்கேதான். அசைன்மென்ட்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 என இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். அசைன்மென்ட்டில் 25 வாங்கியவர் தேர்வில் 28 எடுத்தால் மொத்தம் 53, ஆனாலும் சான்றிதழ் கிடையாது. விடைகள் வாட்ஸ்அப், டெலிகிராம் குரூப்களில் சுற்றுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைப் பார்த்து டிக் அடித்து 25 வாங்கிடலாம். தேர்வு அறையில் அந்த குரூப் கூட வராது!

சேர்ந்தாச்சு, தேர்வுக்குப் பதிவு செய்தாச்சா?

பாடத்தில் சேருவது இலவசம். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். இரண்டும் ஒன்று என நினைத்து, 12 வாரமும் படித்துவிட்டு கடைசியில் ஹால் டிக்கெட் இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. பதிவுக்கான கடைசி தேதி பாடம் முடியும் வரை காத்திருக்காது.

அடுத்து கிரெடிட். 4 வாரத்துக்கு 1, 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 என்பதுதான் கணக்கு. ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரையிலான பாடங்களை ஸ்வயம் மூலம் படிக்க யுஜிசியின் 2021 விதிமுறை அனுமதிக்கிறது. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என முடிவெடுப்பது உங்கள் கல்லூரியோ பல்கலைக்கழகமோதான். சான்றிதழோடு போய்க் கேட்கும்போது, 'இது நம்ம லிஸ்ட்ல இல்லையே' என்று சொல்லிவிட்டால் அந்த செமஸ்டரில் கிரெடிட் குறையும். அதனால் பாடத்தில் சேரும் முன்பே துறைத் தலைவரிடமோ, கல்லூரியில் என்பிடெல் பொறுப்பில் இருக்கும் ஆசிரியரிடமோ கேட்டுவிடுங்கள்.