வாய்த்தலையில் சேரும் மண்: தூர் அகற்றலின் ஒரு வரலாறு

ஹரித்துவாரத்தில் ஆண்டுதோறும் தசராவுக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட நாள்களில் கங்கைக் கால்வாய் மூடப்படுகிறது. ஹர் கி பௌரிப் படித்துறையில் நீர் வடிந்து தரை வெளிப்படுகிறது. யாத்திரிகர்கள் வீசிய நாணயங்களைத் தேடி ஒரு கூட்டம் இறங்க, படிந்த மண்ணையும் கூழாங்கற்களையும் அகற்ற வேறொரு கூட்டம் இறங்குகிறது. 1854-இல் புரோபி காட்லியின் முயற்சியால் திறக்கப்பட்ட அக்கால்வாய், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஆற்றுக்குச் செலுத்திவரும் ஆண்டுக் கடன் இது. இந்திய நீர்ப்பாசன வரலாறு பெரும்பாலும் அணைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அணைக்கு அருகே, ஆற்றிலிருந்து நீர் பிரியும் வாயில் சேரும் மண்ணின் வரலாறு அதன் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது.

அந்த மண்ணுக்குத் தமிழில் இரு பெயர்கள் உண்டு. வயலில் படிந்தால் அது வண்டல். வாய்க்காலில் படிந்தால் தூர். முன்னது செழிப்பைக் குறிப்பது. பின்னது ‘அடைபடுதல்’ எனப் பொருள்படும் ‘தூர்தல்’ என்னும் வினையோடு உறவுடையது. வங்காளத்தில் ‘பொலி’ என்ற சொல் வளமான புதுமண்ணை நினைவூட்டுகிறது. இந்தியில் ‘காத்’ என்பது அள்ளி அகற்ற வேண்டிய கசடு. பொருள் ஒன்றே, இடம் மாறும்போது பெயரும் மதிப்பும் மாறுகின்றன. நீர் பிரியும் இடத்துக்குக் கல்வெட்டுகள் வழங்கும் ‘வாய்த்தலை’ என்னும் சொல்லும் இங்கு நினைக்கத்தக்கது. வாய் அடைபட்டால் உடல் முழுதும் பட்டினி கிடக்கும் என்பதை அச்சொல் தனியே விளக்க வேண்டியதில்லை.

வாய்த்தலையில் மண் சேர்வது தற்செயலன்று. ஆற்றின் மேற்பரப்பு நீர் விரைந்து ஓடுவது. படுகையை ஒட்டிய நீர் மெதுவானது. பக்கவாட்டில் ஒரு கால்வாய் பிரியும்போது, விரைந்த மேல்நீர் தன் போக்கில் நேரே செல்ல முற்படுகிறது. மெதுவான அடிநீரே எளிதில் திரும்புகிறது. மணலை மிகுதியாகச் சுமப்பதும் அந்த அடிநீரே. ஆகவே, கால்வாய் தான் பெறும் நீரின் விகிதத்தை விஞ்சிய அளவில் மணலைப் பெறுகிறது. பிரிந்த பின் வேகம் குறைவதால் அம்மணல் அங்கேயே படிகிறது. வாயை அகலமாக்குவது இச்சிக்கலைத் தீர்க்காது; வேகம் மேலும் குறைந்து படிவு கூடவும் கூடும்.

இதற்குப் பழைய விடைகள் பல உண்டு. தமிழகத்து ஏரிகளின் குமிழித்தூம்பில், நீர் வெளியேறும் ‘நீரோடி’த் துளைக்குக் கீழே ‘சேறோடி’ எனப்படும் சிறு துளைகள் இருந்ததாக ஆய்வாளர் விளக்குவர். பாயும் நீரின் விசையே சுற்றிலுமுள்ள சேற்றை இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது அவ்வமைப்பின் கருத்து. காவிரியில் மணல் மேடிட்டு வெள்ளம் கொள்ளிடத்தின் பக்கம் திரும்பியபோது, ஆர்தர் காட்டன் கல்லணையில் மணற்போக்கிகளை அமைத்து, 1836-இல் மேலணையையும் தொடங்கினார். பின்னர் கோதாவரியில் தௌலேசுவரத்தில் அவர் கட்டிய அணைக்கட்டிலும், கால்வாய்த் தலைமதகுகளின் அருகே மணலை வெளியேற்றும் கீழ்மதகுகள் இடம்பெற்றன.

பஞ்சாபில் இச்சிக்கல் அறிவியலாக வளர்ந்தது. ரூப்பாரில் சட்லெஜிலிருந்து பிரியும் சிர்ஹிந்துக் கால்வாய் 1882-இல் திறக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே அதன் தலைப்பகுதி தூர்ந்தது. கால்வாய் வாயிலின் அடிமட்டத்தை உயர்த்துதல், ஆற்றுக்குள் பிரிப்புச் சுவர் எழுப்பி வாயிலின் முன்னே அமைதியான நீர்ப்பரப்பை உண்டாக்குதல், அங்குப் படிந்த மணலைக் கீழ்மதகு திறந்து அவ்வப்போது ஆற்றிலேயே தள்ளுதல் ஆகியவை அங்குக் கண்ட தீர்வுகள். மேல் பாரி தோவாபுக் கால்வாயில் பணியாற்றிய ஆர். ஜி. கென்னடி, தூர்வாரல் தேவைப்படாத கிளைகளைத் தேர்ந்து அளந்தார். ஆழத்துக்கும், படிவோ அரிப்போ நிகழாத வேகத்துக்கும் உள்ள தொடர்பை 1895-இல் ஒரு சூத்திரமாக வெளியிட்டார். ஜெரால்டு லேசி 1930-ஆம் ஆண்டளவில் அதனை விரிவாக்கினார். உலகெங்கும் நீரியல் பாடநூல்களில் இடம்பெற்ற இக்கொள்கைகள், பஞ்சாப், ஐக்கிய மாகாணங்கள் ஆகியவற்றின் கால்வாய்க் கரைகளில் எடுத்த அளவீடுகளிலிருந்து பிறந்தவை.

அடுத்த தலைமுறை மண்ணை வாயிலிலேயே தடுக்க முயன்றது. எல்ஸ்டன் 1922-இல் முன்வைத்த யோசனையின்படி, தலைமதகின் முன்னே படுகையில் சுரங்கங்கள் அமைத்து, மணல் மிகுந்த அடிநீரை அவற்றின் வழியே ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு அனுப்பலாம். தெளிந்த மேல்நீர் கால்வாய்க்குச் செல்லும். செனாபின் கான்கித் தலைமதகில் 1930-களில் இவ்வகை அமைப்பு எழுந்தது. புனேயை அடுத்த கடக்வாஸ்லாவில் இங்லிஸ் தலைமையில் நடந்த மாதிரிச் சோதனைகள், ஆற்றின் வளைவையே மணல் விலக்கும் கருவியாக்கலாம் என்று காட்டி, சுக்கூர் அணையின் வலக்கரைக் கால்வாய்களுக்கு வழிசொல்லின.

இத்தீர்வுகள் அனைத்துக்கும் ஒரு பொது நிபந்தனை உண்டு. மண்ணைத் தள்ளிக் கழிப்பதற்கு உபரி நீர் வேண்டும். அணையின் இரு பக்கமும் நீர்மட்ட வேறுபாடு வேண்டும். அல்லது கால்வாயைச் சில வாரம் மூட முடிய வேண்டும். நகரக் குடிநீருக்கு இம்மூன்றும் அரிது. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் உள்ள பல்தாவில் வில்லியம் கிளார்க் வடிவமைத்த நீரேற்று நிலையம் 1870-ஆம் ஆண்டளவில் நாளொன்றுக்கு 60 லட்சம் காலன் நீர் வழங்கத் தொடங்கியது. அங்கே அணையில்லை. ஆற்றில் நாளுக்கு இருமுறை ஓதம் ஏறி இறங்குகிறது. சேறு மேலும் கீழும் அலைகிறது. நகரம் ஒரு நாளும் தாகத்தை ஒத்திவைக்காது. இத்தகைய நிலையங்களில் உறிஞ்சு கிணற்றின் வாயை அடைக்கும் மண்ணை அகற்றும் வேலை, நீருக்குள் இறங்கும் மனிதர்களிடமோ, பளு தூக்கியில் தொங்கும் வாளிகளிடமோ, தூர்வாரிக் கப்பல்களிடமோதான் வந்து சேர்ந்தது. கென்னடிக்குச் சூத்திரத்தில் பெயர் நிலைத்தது. மூச்சடக்கி இறங்கிய தொழிலாளியின் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை.

இந்த இடத்தில்தான் ஜெட் பம்பின் கதை வந்து இணைகிறது. குறுகிய வழியில் பாயும் நீரின் வேகம் கூடுகையில் அழுத்தம் குறைகிறது என்பதை இத்தாலியரான வெஞ்சுரி 1797-இல் சோதனைகளோடு எழுதினார். அயர்லாந்தின் ஜேம்ஸ் தாம்சன், கெல்வின் பிரபுவின் தமையனார், 1852-இல் பெல்பாஸ்டில் நடந்த பிரிட்டிஷ் கழகக் கூட்டத்தில், நீர்த்தாரையின் விசையாலேயே வேறு நீரை மேலே இழுக்கும் கருவியை விளக்கினார். 1858-இல் பிரான்சின் ஹென்றி ஜிஃபார், நீராவித் தாரையைக் கொண்டு கொதிகலனுக்கு நீர் ஊட்டும் கருவியைக் கண்டார். இரயில் எஞ்சின்கள் அதனை உடனே ஏற்றன. கலிபோர்னியாவில் கோஸ்லைனும் ஓ’பிரையனும் 1934-இல் வெளியிட்ட ஆய்வு, நீர்த்தாரைப் பம்புக்கு முறையான வடிவமைப்புக் கணக்கை அளித்தது.

கருவியின் அமைப்பு எளியது. கரையிலுள்ள சாதாரண மோட்டார் பம்பு தெளிந்த நீரை அழுத்தத்தோடு கீழே அனுப்புகிறது. அது ஒரு கூர்நுனிக் குழலின் வழியே சீறிப் பாய்கையில் சுற்றிலும் அழுத்தம் தாழ்கிறது. மண் கலந்த நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. இரண்டும் ஒரு கழுத்துக் குழாயில் கலந்து, பிறகு விரியும் குழாயில் வேகம் தணிந்து அழுத்தம் மீண்டு, வெளியேற்றுக் குழாயில் ஏறுகின்றன. மண் படும் இடத்தில் சுழலும் உறுப்பு ஒன்றும் இல்லை. மணல் தேய்ப்பதற்குச் சக்கரம் இல்லை. பழுது பார்க்க ஒருவர் நீருக்குள் இறங்க வேண்டிய தேவையும் குறைகிறது. விலையும் உண்டு: செலவிட்ட ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பயனாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் இதனைக் குறையாகக் கண்டதில் வியப்பில்லை.

இந்தியாவில் இக்கருவி மண்ணுக்காக வரவில்லை, கிணற்றுக்காக வந்தது. நிலத்தடி நீர் தாழ்ந்து, மேலிருந்து உறிஞ்ச இயலாத ஆழத்துக்குப் போனபோது, இரட்டைக் குழாய் ஜெட் பம்புகள் வீடுகளிலும் தோட்டங்களிலும் பரவின. கோயம்புத்தூரின் பம்புத் தொழில் அவற்றை ஏராளமாக உற்பத்தி செய்தது. வீட்டு மனிதர் நன்கறிந்த அக்கருவி ஆற்றின் வாயிலையும் காக்கக்கூடும் என்ற எண்ணம் பொதுப் பேச்சில் வேரூன்றவில்லை. வேறிடங்களில் அது நிகழ்ந்தது: ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் 1986 முதல், கடலுக்குள் நீளும் மேடையிலிருந்து இறக்கிய ஜெட் பம்புகள் முகத்துவாரத்தை அடைக்கவரும் மணலை உறிஞ்சி மறுகரைக்கு அனுப்பிவருகின்றன. ஆற்று நீரெடுப்பு வாயிலுக்கும் இதே முறை பொருந்தும். வாயிலின் முன்னே படுகையில் பம்பைப் பதித்தால், அதனைச் சுற்றிக் கூம்பு வடிவில் ஒரு குழி உண்டாகும்; உருண்டு வரும் மணல் அக்குழியில் விழும்; உறிஞ்சப்பட்டு வாயிலுக்குக் கீழே ஆற்றிலேயே விடப்படும். கூம்புக்கு அப்பாலுள்ள மண் தானாக வராது. ஆகவே அகன்ற வாயிலுக்குப் பல பம்புகள் வேண்டும். இறுகிய களிமண்ணைத் தனித் தாரையால் முதலில் கலக்க வேண்டும். வேர்களும் நெகிழிப் பைகளும் கழுத்தை அடைக்கும். இவ்வரம்புகளை மறைத்து இதனை அருமருந்தாகப் புகழ்வது தவறாகும். குமிழித்தூம்பின் சேறோடியை இதன் மூதாதையாகக் காட்டிப் பெருமை கொள்வதும் அவ்வாறே. ஒத்த எண்ணம் இரு காலங்களில் தோன்றுவது வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பது வேறு.

பெரிய அளவில் நீரைக் கொண்டே மண்ணைத் தள்ளும் கனவின் உச்சம் ஃபராக்கா. கல்கத்தாத் துறைமுகத்தின் தூரை அகற்ற, கங்கையிலிருந்து 40,000 கன அடி நீரை ஹூக்ளிக்குத் திருப்பும் நோக்கத்தோடு அது 1975-இல் இயங்கத் தொடங்கியது. மேற்கு வங்க அரசின் பொறியாளராயிருந்த கபில் பட்டாச்சார்யா, வறண்ட மாதங்களில் அவ்வளவு நீர் கிடைக்காது, அணைக்கு மேலே படுகை உயரும், வெள்ளம் பெருகும் என்று முன்பே எச்சரித்தார். அவரைப் பாகிஸ்தானின் ஆள் என்று பழித்தவர்களும் இருந்தனர். துறைமுகம் இன்றும் தூர்வாரிக் கப்பல்களை நம்பியிருக்கிறது. 2016 வெள்ளத்தின்போது ஃபராக்காவில் தேங்கும் மண்ணைக் காட்டி அணையையே அகற்ற வேண்டும் என்று பீகாரின் முதலமைச்சர் கோரினார். மண் ஓரிடத்திலிருந்து போனால் போதாது, எங்கே போகிறது என்பதும் கேள்வி என்பதை ஃபராக்கா நாட்டுக்குக் கற்பித்தது.

மேற்கே அதே கேள்வி சட்டமாகிறது. 1960-இன் சிந்து நீர் ஒப்பந்தத்தின் கீழ், செனாபின் சலால் அணையில் திட்டமிட்ட கீழ்மதகுகள் 1978 உடன்பாட்டின்படி அடைக்கப்பட்டன. நீர்த்தேக்கம் மண்ணால் நிரம்பியது. 2007-இல் பக்லிஹார் குறித்து நடுநிலை வல்லுநர் மண் வெளியேற்றும் மதகுகளை ஏற்றார். 2013-இல் கிஷன்கங்கா வழக்கின் நடுவர் மன்றமோ, நீர்மட்டத்தை இருப்பின் அடிக்கோட்டுக்குக் கீழே இறக்கி மண் தள்ளுவதைத் தடுத்தது. தேக்கத்தை வடிக்காமல் மண்ணை மட்டும் எடுக்கும் வழிகளுக்கு இங்கே அரசியல் பொருளும் உண்டாகிறது. எனினும் வாயிலைக் காக்கும் கருவி, முழு நீர்த்தேக்கத்தையும் மீட்கும் கருவி ஆகாது.

காட்டன் முதல் இங்லிஸ் வரையிலான வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. நிலைத்த தீர்வுகள் மண்ணைப் பகையாகக் கருதவில்லை. அதன் போக்கை அறிந்து, வாயிலைச் சுற்றி அனுப்பின. ஜெட் பம்பு அவ்வழியின் சிறிய தொடர்ச்சி: அது மண்ணை லாரியில் ஏற்றிக் கரைமேல் குவிப்பதில்லை, ஆற்றின் பொருளை ஆற்றுக்கே திருப்பித் தருகிறது. கீழேயுள்ள கழிமுகம் காத்திருப்பது அதே மண்ணுக்குத்தான். வாய்த்தலையில் தூர் என்று தள்ளப்படுவது, கடலோரத்தில் வண்டல் என்று வரவேற்கப்பட வேண்டியது. ஒரு நீரெடுப்புத் திட்டத்தை மதிப்பிடுவோர் இரண்டு கேள்விகளைத் தவிர்க்கலாகாது: அந்த மண் எங்கே போகிறது? அதனை எடுக்க யார் நீருக்குள் இறங்குகிறார்?