துரைமாரின் காரும் பட்டறைக்காரரின் கையும்

நுவரெலியாவில் வசந்த காலம் என்று வழங்கும் சித்திரைக் கொண்டாட்டங்களுள், குதிரைப் பந்தயத்துக்கும் மலர்க் கண்காட்சிக்கும் அடுத்தபடியாகச் சனங்கள் திரண்டு பார்க்கும் விசேஷம், மாகஸ்தோட்டைத் தோட்டத்து ஏற்றப் பாதையில் நடைபெறும் மோட்டார்ப் பந்தயம். 1934ஆம் ஆண்டு முதன்முதலாக நடந்த அப்பந்தயத்தில் கார்கள் ஒன்றையொன்று துரத்துவதில்லை. தேயிலைச் செடிகளுக்கிடையே வளைந்தேறும் குறுகிய சாலையில் ஒவ்வொன்றாகக் கடிகாரத்தோடு போட்டியிட்டு மேலேறுகின்றன. எந்தக் கார் எத்தனை வினாடியில் ஏறிற்று, அதை ஓட்டியவர் யார் என்பனவற்றைப் பத்திரிகைகள் எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் அக்கார்களில் ஒன்றின் வால்வு வளைந்தோ, தாங்கி தேய்ந்தோ போனபோது, 6,000 மைலுக்கு மேற்பட்ட கடல் வழியைக் கடந்து மாற்றுப் பாகம் வரும்வரை அதை ஓடச் செய்தவர் யார் என்பதை, நான் படித்த அளவில், எவரும் எழுதி வைக்கவில்லை. மலைநாட்டு மோட்டார்ச் சரித்திரத்தில் எனக்குப் பிரதானமாகப் படுவது இந்த இரண்டாவது விஷயமே.

இதன் வேர் மோட்டார்க் காருக்கு வெகு முந்தியது. கோப்பிப் பயிர் கொழித்த நாளில், 1854இல், ஜோன் வோக்கர் என்பவர் கண்டியில் கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் யந்திரங்களைச் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1869இல் தலைகாட்டிய இலை நோய் அடுத்த சில ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை மலையெங்கும் பரவிற்று. 1875இல் ஜோன் பிரவுன் ஹட்டனில் பொறியியல் ஸ்தாபனம் ஒன்றை அமைத்தார். 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் ரயில் பாதை எட்டியதும், ஜாக்சனின் பெயர் தாங்கிய கொழுந்து அரைக்கும் உருளைகளும் பெல்பாஸ்ட் நகரத்துச் சிரொக்கோ உலர்த்திகளும் பெட்டி பெட்டியாக மலையேறின.

தேயிலை, யந்திரம் பழுதானால் காத்திருக்க இடம் கொடுக்கும் சரக்கன்று. மாலையில் பறித்து வந்த கொழுந்து இரவெல்லாம் வாடியிருக்க, விடியுமுன் உருளை ஓடியாக வேண்டும். உருளையின் புஷ் ஒன்று வெடித்துவிட்டால், கொழும்புக்குத் தந்தி கொடுத்து, அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கடிதம் போய், சாமான் கப்பலேறி வருமட்டும் ஒரு தோட்டத்தின் வாடிய கொழுந்து முழுவதும் புளித்து நாசமாகும். ஆகையால் தொழிலாளர் 'ஸ்டோர்' என்று அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலையின் அருகே உலையும், துளையிடும் யந்திரமும், பெரிய தோட்டங்களில் ஒரு லேத்தும் கொண்ட பட்டறை நின்றது. அதில், தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளி ஒருவன், முதலில் விளக்குப் பிடிக்கும் பையனாகவும், பின்னர் அரம் பிடிப்பவனாகவும், நாளடைவில் ஃபிட்டராகவும் உருவானான். பாகம் வராது, ஆகவே செய்துகொள்ள வேண்டும் என்ற நிர்ப்பந்தமே அவனுக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது.

அந்த வித்தையைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். பழைய எஞ்சின்களில் கனெக்டிங் ராடின் பெரிய முனை சுழலும் தாங்கி, கடையில் வாங்கி மாட்டும் ஓடு அன்று. வெள்ளீயம் மிகுதியாகவும் ஆன்டிமனியும் செம்பும் சிறிதாகவும் கலந்து உருக்கிய ஒயிட் மெட்டலை ராடின் உள்வாயிலேயே வார்த்து அமைப்பது. தேய்ந்த உலோகத்தை உருக்கி நீக்கி, உள்வாயைத் துப்புரவாக்கி ஈயப் பூச்சிட்டு, நடுவே வார்ப்புத் தண்டை நிறுத்தி, ராடையும் தக்க சூட்டுக்குக் கொண்டுவந்து ஒரே வீச்சில் வார்க்க வேண்டும். நிறுத்தி வார்த்தால் பொருக்கு விழும். ஆறிய பின் லேத்தில் கடைந்து, கிராங்க் தண்டில் நீலச் சாயத்தை மெல்லியதாகப் பூசி, தாங்கியை அதில் வைத்துச் சுழற்றி எடுத்தால், மேடு உள்ள இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அம்மேட்டைச் சுரண்டியால் கீறி எடுப்பதும், மறுபடி பூசிச் சுழற்றுவதுமாக, நீலம் உள்வாய் முழுவதும் சமமாகப் படியும் வரை அவ்வேலை நீடிக்கும். ஸ்டோரின் டீசல் எஞ்சினுக்கு இதைச் செய்தவனுக்குத் தோட்டத்தை நடத்திய துரையின் காருக்கும் செய்ய இயன்றது. காரின் தாங்கி அளவில் சிறியது, அவ்வளவே. சிலிண்டர்த் தலையின் செப்புக் கேஸ்கட்டை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்து இளக்கி மீண்டும் மாட்டுவதும், மற்றைய கேஸ்கட்டுகளுக்குக் காகித அட்டையை உலோக விளிம்பின்மேல் வைத்து உருண்டைச் சுத்தியால் தட்டித் தட்டியே வெட்டி எடுப்பதும் அதே கையின் பழக்கம்.

கார்கள் வந்தபோது அவற்றோடு புதிய சிக்கல்களும் வந்தன. நுவரெலியா கடல் மட்டத்துக்கு 6,100 அடிக்கு மேல் இருப்பதால் அங்கே காற்று கடற்கரையினும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. கொழும்பில் சீராக ஓடிய கார் ரம்பொடைக் கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே வந்ததும் பெற்றோல் மிஞ்சிக் கறுத்த புகையைக் கக்கும். பிளக்குகளில் கரி அடையும். எஸ்.யூ. கார்புரேற்றரின் அடியிலுள்ள மரையைத் திருகி ஜெட்டை உயர்த்துவதும், அது போதாதபோது உள்ளேயிருக்கும் கூம்பு ஊசியைத் தடித்ததாக மாற்றுவதும் பரிகாரம். அந்த ஊசி ஒரு விரலின் பருமன்கூட இல்லாத சிறு பொருள். ஆயினும் தக்க ஊசி இல்லாமற்போனால் பந்தயமே இல்லை.

இதனினும் நுட்பமான சிக்கலை எம்.ஜி. கார் தந்தது. 1945 முதல் 1949 வரை உற்பத்தியான டி.சி. என்ற இரட்டை ஆசனக் கார், 1,250 சி.சி. எஞ்சினோடு, இளந்துரைமாரின் கனவாக இருந்தது. அதன் எஞ்சின் ஆங்கிலேய எஞ்சினேயாயினும், அதைப் பிறப்பித்த கொவென்ட்ரித் தொழிற்சாலை ஆதியில் ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனிக்குரியது. மோரிஸ் கார்க் கம்பெனி அதை 1923இல் வாங்கியபோது அங்கிருந்த யந்திரங்கள் மெட்ரிக் அளவின. ஆகையால் எஞ்சினின் போல்ட்டுகள் விசித்திரமாக அமைந்தன: தலை விட்வர்த் அளவு, புரியோ மெட்ரிக். தேயிலை யந்திரங்கள் அனைத்தும் விட்வர்த் புரி கொண்டவையாதலால், ஃபிட்டரின் ஸ்பானர் போல்ட்டின் தலைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அவன் பெட்டியிலிருந்த மரையோ அதன் புரியில் ஏறாது. புதிய போல்ட்டைக் கடைவதென்றால், அங்குல லேத்தில் மெட்ரிக் புரி வெட்ட 127 பல் கொண்ட சக்கரம் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், அதை ஐந்தால் பெருக்கினால் 127. அச்சக்கரம் இல்லாத பட்டறையில் 63 பல் சக்கரத்தை மாட்டியும் சமாளிக்கலாம். குட்டையான ஒரு போல்ட்டில் அதனால் நேரும் பிழை கண்ணுக்கும் கைக்கும் தட்டுப்படாது. கணிதம் கற்பிக்கப்படாத கைகள் இக்கணிதத்தை யந்திரத்தின் வாயிலாகவே கையாண்ட சாமர்த்தியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வறண்டு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோதுதான் பாகம் தேடுவது ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தையில், உடைத்த வாகனங்களின் சாமான்கள் குவிந்த கடைகளே நாடு முழுவதற்கும் களஞ்சியமாயின. அங்கே போகிறவனுக்குப் பணத்தைவிட ஞானம் வேண்டும்: எந்தக் காரின் பாகம் எந்தக் காருக்கு ஒத்துவரும் என்ற உறவுமுறை ஞானம். 1958இல் வெளிவந்த ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்ற அழகிய விளையாட்டுக் காரின் எஞ்சினும் முன்சக்கர அமைப்பும் சாதாரண ஆஸ்டின் ஏ35இலிருந்து எடுத்தவை. ஸ்டியரிங் மோரிஸ் மைனரினுடையது. மோரிஸ் மைனரோ இலங்கையில் வைத்தியரும் ஆசிரியரும் ஓட்டிய கார். ஆகவே பந்தயக் காருக்கு வேண்டியது, ஹட்டனில் ஓர் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பழைய மைனரில் கிடைக்கக்கூடும். ஜாகுவாருக்கு இந்தப் பந்துக்கள் இல்லை. அதன் உடைமைக்காரர் காத்திருந்தார், அல்லது விற்றார்.

அதே ஆண்டுகளில், பாகத்தைச் செய்யத் தெரிந்த மனிதனையே நாடு வெளியே அனுப்பத் தொடங்கிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கியிருந்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கொழுந்து பறித்தவர்களோடு, பட்டறையில் நின்றவர்களும் குடும்பங்களோடு தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். ஒரு லேத்தின் முன்னே முப்பது வருஷம் நின்றவன் கைமுறையாகக் கற்றதை எந்தப் பெட்டியில் வைத்து ஒப்படைத்துவிட்டுப் போவான்? 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, வெள்ளைத் துரைமாரும் விடைபெற்றனர்.

1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானிய வாகனங்கள் நிறைந்து, பழைய மைனருக்குள் ஜப்பானிய எஞ்சினைப் பொருத்திக்கொள்வதும் வழக்கமாயிற்று. எனினும் இலங்கைக் கைகளின் கீர்த்தி மறையவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயார், அந்தக் காரின் தகட்டுப் பாகங்களை 1990களில் இலங்கையில் செய்வித்துத் தம் நாட்டுக்கு வரவழைத்தார். அந்த முயற்சி மலைநாட்டைச் சேர்ந்ததன்று, சிங்களக் கரையோரத்தது. ஆனால் பாகத்துக்காக இங்கிலாந்தை நோக்கிக் காத்திருந்த நாடு, இங்கிலாந்துக்கே பாகம் அனுப்பிற்று என்பது இந்தச் சரித்திரத்தில் அவசியம் இடம்பெற வேண்டியது. பின்னர் 2020இல் மீண்டும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை நீடித்தபோது, பழைய கார் வைத்திருந்தோர் பஞ்சிகாவத்தைக்கும் தெரிந்த கராஜுக்கும் மறுபடி நடந்தார்கள்.

கண்டிக்கு அருகே ஹந்தானையில், பழைய தொழிற்சாலை ஒன்றிலேயே அமைந்துள்ள தேயிலை நூதனசாலையில் அக்காலத்து உருளைகளையும் எஞ்சின்களையும் பேணி வைத்திருக்கிறார்கள். யந்திரம் செய்த கம்பெனிகளின் பெயரோடு, அவற்றை ஓட வைத்த ஃபிட்டர்களின் பெயரும் அங்கே இடம்பெற வேண்டும் என்பது என் விண்ணப்பம். தோட்டக் காரியாலயங்களில், தொழிலாளர் பெயர் பதிந்த பழைய செக்ரோல் புத்தகங்கள் எஞ்சியிருப்பின் அவற்றிலும், ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா லயங்களில் வாழும் முதியவர்களிடத்தும், நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்த குடும்பங்களிடத்தும் கேட்டுத் தொகுக்கலாம். இந்த வேலையை மலையக இளைஞர்கள் காலம் தாழ்த்தாமல் தொடங்க வேண்டும், ஏனெனில் வெள்ளைத் துரைமாரின் கீழ் அரம் பிடித்தவர்களில் இன்று உயிரோடிருப்பவர்கள் மிகச் சிலரே.